பட்டியலும் பாத்திரமும்

'பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு' என்கிற பழமொழியை தர்மம் பற்றிய அறிவுரையாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அது தர்மத்தையும் சாதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கொடுப்பதற்கு முன்னால் வாங்குகிறவனை விசாரி என்பதுதான் இதன் சாரம். 2020, 2021 கொரோனா காலத்தில் தொண்டு நிறுவனங்கள் கைகோத்துச் செய்த நிவாரணப் பணிகளை இந்தப் பழமொழியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

உத்திரமேரூர்ப் பக்கத்து ஓர் ஊருக்கு மளிகைப் பை வந்து சேரும் பொதுவான வழியை எடுத்துக்கொள்வோம். கொரோனாவுக்குச் செலவிடும் பணத்தை கம்பெனிகள் தங்கள் 'சமூகப் பொறுப்பு'க் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று 2020 மார்ச் 23 அன்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்களின் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை எப்படியும் இதற்குச் செலவழித்தாக வேண்டும். பணம் கம்பெனியுடையது, நிர்வாகம் பட்டணத்துப் பெரிய நிறுவனத்துடையது, வண்டியும் ஆளும் வட்டாரத்துச் சின்ன அமைப்புடையவை. இதற்குப் பெயர் 'கூட்டு முயற்சி'. இந்தக் கூட்டில் அரிசியை வாங்கிக்கொள்கிறவர் எங்கே இருக்கிறார்? கூட்டாளியாக இல்லை, பயனாளியாக இருக்கிறார். அதாவது, பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறார்.

பல நிறுவனங்கள் சேர்ந்து கொடுக்கும்போது ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போய்விடக்கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆகவே பட்டியல் வேண்டும். பட்டியலுக்குக் கையில் கிடைக்கிற ஆதாரம் எது? ரேஷன் கார்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு கொடுத்த 1000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கார்டு வழியாகவே வந்தன. 2021இல் இரண்டு தவணையாக வந்த 4000 ரூபாயும் 14 வகை மளிகைத் தொகுப்பும் அப்படியே. இந்த மாவட்டத்தில் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போகும் இருளர்களில் பலருக்கு கார்டு கிடையாது. நிலையான முகவரி இல்லை, மனைப்பட்டா இல்லை, சாதிச் சான்றிதழுக்கு அலைந்து ஓய்ந்தவர்கள். அரசின் பட்டியலில் விடுபட்டவரிடம் போய்ச் சேர்வதுதான் தொண்டு நிறுவனத்துக்கு நியாயமான வேலை. அதே கார்டின் நகலை அதுவும் கேட்டால், விடுபட்டவர் இரண்டாவது தடவையும் விடுபடுகிறார். 'லிஸ்ட்ல பேர் இல்லம்மா' என்கிற ஒரு வாக்கியத்தில் அரசும் தொண்டும் ஒரே குரலில் பேசுகின்றன.

இதைச் சொல்வதால் அரசு மட்டுமே கொடுக்கட்டும் என்று ஆகிவிடாது. 2020 ஏப்ரல் 12 அன்று தமிழக அரசு அப்படித்தான் சொல்லிப் பார்த்தது. கட்சிகளும் தன்னார்வலர்களும் நேரடியாக எதையும் கொடுக்கக்கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நான்கே நாளில், ஏப்ரல் 16 அன்று, அதிகாரிகளுக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவித்துவிட்டு நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் வழக்கு முழுக்கக் கொடுப்பவரின் உரிமையைப் பற்றியது. வாங்குகிறவருக்கு இதில் என்ன உரிமை என்பது கேள்வியாகவே எழவில்லை.

காஞ்சிக்கு இது புதிதல்ல. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சேர்ந்தபோது காஞ்சி வறட்சியில் கிடந்தது என்கிறது காப்பியம். அந்தப் பாத்திரத்தின் முன்னால் பல மொழிக்காரர்களும் கண்ணும் காதும் இழந்தவர்களும் வந்து நின்றார்கள்; பட்டியல் ஏதும் இல்லை. அதற்கும் முன்பே, பாத்திரத்தைக் கையில் வாங்கும் இடத்தில், தீவதிலகை மணிமேகலைக்கு ஒரு விஷயம் சொல்கிறாள்: திருப்பித் தரும் சக்தி உள்ளவர்களுக்குக் கொடுப்பது அறமல்ல, அறத்தை விலைபேசுவது. 1925இல் வெளியான மார்செல் மோஸின் கட்டுரை கொடை என்பது எப்போதும் ஒரு கைம்மாறைக் கட்டாயப்படுத்துகிறது என்று வாதிட்டதை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாதவரிடமிருந்து என்ன கைம்மாறு வாங்க முடியும்? வாங்கினார்கள். கையெழுத்து அல்லது கைநாட்டு, ஆதார் எண், கடைசியாக ஒரு போட்டோ. 'பாட்டி, கொஞ்சம் இப்படிப் பாருங்க.' பின்னால் பேனர், நடுவில் பை, இரண்டு பக்கமும் கைகள். அந்தக் கிழவியிடம் கொடுப்பதற்கு இருந்த ஒரே பொருள் அவள் முகம். அதையும் விலையாக வாங்கிக்கொண்ட பிறகு அது கொடையா, வியாபாரமா?

போட்டோ எடுத்த இளைஞர்களைக் குறைசொல்வதில் பிரயோசனமில்லை. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேலே உள்ள கண்ணிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. சின்ன அமைப்பு பெரிய நிறுவனத்துக்கு, அது கம்பெனிக்கு, கம்பெனி அரசுக்கு. இந்தச் சங்கிலியும்கூட எந்நேரமும் அறுக்கப்படலாம். கொரோனா உச்சத்தில் இருந்த 2020 செப்டம்பரிலேயே வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றாயிற்று. சூளைக்கும் இருளர் குடியிருப்புக்கும் வழி தெரிந்தவர்கள் பெரும்பாலும் சின்ன அமைப்புக்காரர்கள்தான். வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை கூட்டு முயற்சியில் அடிபட்டது அந்தக் கடைசிக் கண்ணி. கணக்கு மேலே மட்டுமே போனது. கீழே, வாங்கியவர் முன்னால், ஒருபோதும் படிக்கப்படவில்லை.

படிப்பதற்கு ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது: கிராம சபை. நூறு நாள் வேலைக்கு அதில் சமூகத் தணிக்கை உண்டு என்றால் நிவாரணத்துக்கு ஏன் கூடாது? ஆனால் 2020 அக்டோபர் 2 அன்று நடக்க வேண்டிய கிராம சபையை நோயைக் காரணம் காட்டித் தமிழக அரசு ரத்து செய்தது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 10 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்! முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டே ஒரு தகுதிப் பட்டியல்தான். கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் குடவோலையில் ஏறும். நிலமில்லாதவன் அன்றும் பட்டியலுக்கு வெளியே. ஆனால் அதே கல்வெட்டில் நமக்கு வேண்டிய ஒரு விதியும் இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது.

அடுத்த கொள்ளைநோய்க்கு இப்போதே கேட்டுவைக்க வேண்டியவை இரண்டுதான். கார்டு இல்லாத வீடுகளிலிருந்து பட்டியலைத் தொடங்குங்கள். அதைத் தயாரிக்கும் குழுவில் அந்த வீட்டுக்காரர்கள் இருக்கட்டும். என்ன வந்தது, யாருக்குப் போனது என்கிற கணக்கை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படியுங்கள். அதற்குப் பிறகு யாராவது போட்டோ எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால், எடுத்துக்கொள்ளுங்கள்.