உலைக்களமும் அடுக்களையும்

ஒரு குடும்பத்தின் வரலாறு என்றால் என்ன? பாட்டன் பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் இவற்றை வரிசைப்படுத்தி எழுதினால் அதுவே வரலாறு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வரிசையில் தாய்க்கு உரிய இடம் யாது என்று யாரேனும் கேட்டால் சற்றே தயங்குகின்றோம். தாயைப் போற்றிப் பேச நமக்குத் தெரியும். அவள் வரலாற்றை எழுதத்தான் தெரிவதில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிற் குடியேறிய சுலோவாக்கிய மக்களைப் பற்றித் தாமஸ் பெல் என்பார் 1941 இல் வெளியிட்ட நாவல் ஒன்றை அண்மையிற் படித்து முடித்தபோது இவ்வெண்ணமே மேலோங்கி நின்றது. 'அவுட் ஆஃப் திஸ் ஃபர்னஸ்' என்பது நூலின் பெயர். 'இந்த உலையிலிருந்து' என்று தமிழில் கூறலாம். அந்நூலின் சிறப்பையும் குறையையும் தாய் என்னும் ஒரு நோக்கில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். பெல் 1903 இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பிராடக் என்னும் எஃகு நகரிற் பிறந்தவர். பெலெய்சாக் என்பது அவருடைய குடும்பப் பெயர். இளமையிலேயே ஆலையில் வேலை செய்தவர். 1961 இல் மறைந்தார். இந்நூலில் வரும் மூன்று தலைமுறையினரையும் தம் பாட்டனார், பெற்றோர் ஆகியோரை மனத்திற் கொண்டே அவர் படைத்தார். ஆகவே இது கதையாயினும் குடும்ப வரலாறே. வெளிவந்த காலத்திற்குப் பின் மறக்கப்பட்டுக் கிடந்த இந்நூலைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1976 இல் மீண்டும் அச்சிட்டது. அதன் பின்னரே தொழிலாளர் வரலாறு கற்பிக்கும் வகுப்பறைகளில் இது நிலைத்த இடம் பெற்றது.

சுலோவாக்கியர் ஏன் ஊரை விட்டுச் சென்றனர் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. 1918 வரையில் அவர்கள் நாடு ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. நிலம் சிறிது, வறுமை பெரிது. அதனோடு மொழியின் மீதும் கை வைத்தனர் ஆட்சியாளர். சுலோவாக்கிய மொழியில் நடந்துவந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளும் 1874, 1875 ஆண்டுகளில் மூடப்பட்டன. மாட்டிட்சா சுலோவென்ஸ்கா என்னும் பண்பாட்டுக் கழகமும் 1875 இல் மூடப்பட்டது. வயிற்றுக்கும் வழியின்றி, வாய்மொழிக்கும் மதிப்பின்றிப் போன மக்கள் கப்பல் ஏறியதில் வியப்பில்லை. அங்கோ அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'ஹங்கி' என்னும் இழிசொல். இழிசொல்லின் சுவை இன்னதென்று அயல்நாட்டிற் கூலிகளாய் வந்திறங்கியவர் வழி வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

நூல் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. 1881 இல் அமெரிக்காவுக்குச் செல்லும் கிராச்சா முதற்பகுதியின் நாயகன். அவன் மகள் மேரியை மணக்கும் மைக் டோப்ரெய்சாக் இரண்டாம் பகுதிக்கு உரியவன். மூன்றாம் பகுதி மேரியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. மேரியின் மகன் டோபி நான்காம் பகுதியில் எஃகுத் தொழிலாளர் சங்கம் அமைக்கப் பாடுபடுகின்றான். ஆடவர் மூவர், பெண் ஒருத்தி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கடல் கடந்து வந்த தாய் உண்மையில் மேரி அல்லள். மேரியின் தாய் எலேனாவே ஆவாள். கணவன் முன்னே செல்ல, அவள் பின்னர் வந்து சேர்கின்றாள். கழுத்திலே கழலை, உடலிலே சோர்வு, வாயிலே பேச்சில்லை. கணவன் மனம் சூஸ்கா என்னும் மற்றொருத்தியை நாடுகின்றது. எலேனா இறந்ததும் அவளையே மணந்தும் கொள்கின்றான். எலேனாவின் மனத்துள் என்ன நிகழ்ந்தது என்று நூல் நமக்குச் சொல்வதில்லை. பிறந்த ஊரைப் பற்றி அவள் என்ன நினைத்தாள்? மகளுக்கு எந்தக் கதையைச் சொன்னாள்? தெரியவில்லை. கிராச்சாவின் ஆசைகளுக்கும் அறியாமைக்கும் பக்கம் பக்கமாக இடம் தந்த ஆசிரியர், எலேனாவை நோயாளியாக மட்டுமே நம் முன் நிறுத்துகின்றார். நூலின் முதற்பெருங்குறை இதுவே என்பேன்.

இக்குறைக்கு ஈடு செய்வதுபோல் அமைந்தது மேரியின் சித்திரம். மணமாகுமுன் அவள் வசதியுள்ள அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் பணிப்பெண்ணாக இருக்கின்றாள். தூய்மையான அறை, அமைதியான உணவு மேசை, குழந்தைகளுக்குத் தனி இடம் இவையெல்லாம் உலகில் உண்டு என்பதை அங்குதான் காண்கின்றாள். இதை அறியாதிருந்தால் அவள் பின்னாளில் அத்துணை வருந்தியிருக்க மாட்டாள். மைக்கின் கூலி போதவில்லை. வீட்டில் வேலையாட்களைக் காசுக்குத் தங்க வைக்கின்றாள். அவர்களுக்குச் சமைப்பதும் துணி துவைப்பதும் குளிக்க வெந்நீர் வைப்பதும் அவள் பொறுப்பு. அக்காலத்து ஆலைகளில் நாள் ஒன்றுக்கு 12 மணி நேர வேலை. பகல் முறை இரவு முறையாக மாறும் நாளிலோ 24 மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டும். பகலில் உறங்குவோனும் இரவில் உறங்குவோனும் ஒரே படுக்கையைப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. அப்படியானால் அவ்வீட்டுப் பெண் உறங்கிய நேரம் எது? ஆலைக்காவது சங்கு உண்டு. அடுக்களைக்குச் சங்கும் இல்லை, கூலியும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இத்தகைய பெண்களின் பெயருக்கு நேரே தொழில் எதுவும் இல்லை என்றே பெரும்பாலும் எழுதி வைத்தனர்.

ஊதுலை வெடிப்பில் மைக் மாண்டு போகின்றான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பென்சில்வேனியாவில் நடைமுறைக்கு வந்தது 1916 இல். மைக் அதற்கு முன்பே இறந்துவிடுகின்றான். கைம்பெண்ணாகிய மேரி கிடைத்த வேலைகளைச் செய்து பிள்ளைகளைக் காக்கின்றாள், காசநோய்க்கு ஆளாகின்றாள், நோயாளர் இல்லத்திலே உயிர் துறக்கின்றாள். இப்பகுதியிற் பெல் அழுகையைப் பெருக்கவில்லை. வாடகை எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு, காலணி எவ்வளவு என்று கணக்கைச் சொல்கின்றார். ஏழைத் தாயின் துன்பம் கண்ணீரில் தெரிவதைவிடக் கணக்கிலேதான் நன்கு தெரியும். இவ்வுண்மையை உணர்ந்து எழுதியமைக்காகவே ஆசிரியரை எத்துணையும் பாராட்டலாம்.

ஆனால் நான்காம் பகுதியில் நூல் தடுமாறுகின்றது. 1892 ஹோம்ஸ்டெட் போராட்டத்தில் தோற்று, 1919 வேலைநிறுத்தத்திலும் தோற்ற தொழிலாளர், 1937 மார்ச்சில் அந்நாட்டின் மிகப் பெரிய எஃகு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது பெரிய வெற்றியே. அதை டோபியின் வழியாகக் காட்டுகின்றார் பெல். கூட்டங்கள், பேச்சுகள், படிவங்கள், வழக்காடல்கள் என்று பக்கங்கள் நிறைகின்றன. டோபியின் மனைவி ஜூலியோ மெல்லிய கோடாகவே நின்றுவிடுகின்றாள். மேரி உயிர் கொடுத்துக் கேட்ட கேள்விக்குச் சங்கம் விடை தந்ததா? ஆலைவேலைக்கு வரம்பு வந்தது. அடுக்களை வேலைக்கு வந்ததா? இதை டோபி கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. உலைக்களத்தின் கொடுமைக்கு முடிவு எழுதியவர், அடுக்களையின் கொடுமையை மேரியோடு புதைத்துவிட்டார்.

எனினும் பெல்லின் நேர்மையை ஓரிடத்திற் குறிப்பிடாமல் இருத்தல் முறையன்று. பிற்காலத்திற் கறுப்பின மக்கள் தம் தெருக்களுக்குக் குடிவந்தபோது, சுலோவாக்கியர் அவர்களை இழித்துப் பேசுகின்றனர். முன்னாளில் ஐரிஷ்காரர் நம்மைப் பேசிய பேச்சல்லவா இது என்று அவர்களுள்ளேயே ஒருவர் சுட்டிக்காட்டுகின்றார். தம் குடும்ப வரலாற்றை எழுதுவோர் தம் குடும்பத்தின் சிறுமையையும் எழுதும்போதுதான் அவ்வெழுத்து நம்பத் தக்கதாகின்றது.

இந்நூலைப் படித்த வாரத்திலே எம் தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தாயின் தொழில் என்னும் கட்டத்தில் ஏடு முழுதும் 'இல்லத்தரசி', 'இல்லத்தரசி' என்றே இருந்தது. எழுதியவன் நானே. அத்தாய்மாருள் விடியற்காலை பள்ளிப் பேருந்துக்கு முன்னரே எழுந்து பலகாரம் செய்து கொடுப்போரும், தையல் தைப்போரும், அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோரும் உண்டென்பதை நான் அறிவேன். அறிந்தும் அவ்வாறே எழுதினேன். என் சொந்தத் தாயாரோ பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டி வந்து, லயத்து வீட்டில் எங்கள் எழுவருக்கும் உலை வைத்தவர். அவர் எந்த ஊரிலிருந்து வந்த தாய்க்குப் பிறந்தவர் என்று கேட்டு எழுதி வைக்க எனக்கு நாற்பது ஆண்டுகள் இருந்தன. கேட்கவில்லை. இன்று கேட்பதற்கு அவர் இல்லை. எலேனாவைப் பேச விடவில்லை என்று பெல்லைக் குறை கூறினேனே, அக்குற்றம் என்மீதும் உண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் 'என் தாய் அன்பானவர்' என்று தொடங்கி அதிலேயே முடிக்கின்றனர். இனி, 'என் தாயின் ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை குடம் நீர் பிடித்தார், எத்தனை பேருக்குச் சமைத்தார், எப்போது உண்டார், எப்போது படுத்தார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெல் செய்த நற்பணியை நாமும் அவ்வழியே தொடங்கலாம். அவர் விட்ட பணியையும் ஓரளவு செய்து முடிக்கலாம்.