குரல் தட்டச்சு: வரவும் செலவும்

தமிழ்99 விசைப்பலகையில் ‘கொடுமுடி’ என்று அடிக்க எட்டுத் தட்டு வேண்டும். எழுத்து நான்குதான் என்றாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என இரண்டு தட்டு. வாயால் சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம் இந்த வேகம்தான். அது உண்மையும்கூட. ஆனால் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. அடிக்காமல் மிச்சமான நேரம் திருத்துவதில் எவ்வளவு போகிறது, அந்தத் திருத்தம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்த ‘ஆட்ரி’ என்ற கருவிக்குப் பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான எண்கள் மட்டுமே புரிந்தன. நிறுத்தி நிறுத்திப் பேசாமல் இயல்பாகப் பேசியே ஆங்கிலத்தில் எழுத, 1997இல் ‘டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்’ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். பேச்சு, தட்டச்சைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமானது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வு நடந்தது கைப்பேசித் திரையில், ஆங்கிலத்திலும் சீனத்திலும். கணினியில் தமிழ் எழுதுவோர் அந்த எண்ணை அப்படியே தமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊர்களில் இதன் பெரிய வரவு வேகம் அல்ல, விசைப்பலகைக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவந்ததுதான். நாற்பது ஆண்டு பேனா பிடித்து எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தமிழ் தெரியும். தமிழ் விசைகள் தெரியாது. கோவில் திருப்பணிக்கு ஓர் அறிக்கை, தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு என்றாலும் டி.டி.பி. கடையில் காத்திருந்தவர் அவர். இப்போது வீட்டிலிருந்தபடியே முதல் வரைவைச் சொல்லி முடித்துவிடலாம். மணிக்கட்டு வலியால் விசையைத் தொட முடியாதவருக்கும், கை ஒத்துழைக்காத மாற்றுத்திறனாளிக்கும் இது வசதி என்ற நிலையைத் தாண்டித் தேவையாகிவிடுகிறது. பார்வையற்றவர் சொல்லி எழுதி, அதை என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் கேட்டுச் சரிபார்க்கலாம்.

செலவுக் கணக்கு, பேசும் தமிழில் தொடங்குகிறது. ‘நாளைக்கு வர்றனுங்க’, ‘ஒறம்பர வந்திருக்காங்க’ என்று பேசுவது கொங்கு வாய். மென்பொருளின் காது பழகியது பெரும்பாலும் வேறு தமிழுக்கு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் வெளியிட்ட சுமார் 150 மணி நேரத் தமிழ்த் தொகுப்பு, எழுதி வைத்ததை வாசித்த குரல்களால் ஆனது. ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருள் பயின்ற 6,80,000 மணி நேர ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். ஆகவே மேடைத் தமிழில் நிறுத்திச் சொன்னால் நன்றாக எழுதும் மென்பொருள், சந்தைப் பேச்சில் தடுமாறுகிறது. நாடக மேடையில் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர், கொங்கு நாட்டின் கொடுமுடி. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க, ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாக உச்சரிப்பது அந்தக் காலக் கலைஞர்களின் தொழில். ஒரு மனு எழுத நினைக்கும் விவசாயியிடமும் அதே உச்சரிப்பைக் கேட்பது நியாயமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு பல மாவட்டங்களுக்குப் போய், 22 இந்திய மொழிகளில் இயல்பான பேச்சைத் திரட்டி வருகிறது. இந்தக் குறையைத் தீர்க்கச் சரியான வழி அதுதான்.

அடுத்த செலவு பெயரிலும் எண்ணிலும். பழனிசாமியா, பழனிச்சாமியா? மென்பொருள் தனக்கு அதிகம் பழகிய வடிவத்தை எழுதிவிடும். பட்டாவில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருந்து, அதைத் திருத்த அலைந்தவர்களுக்கு ஓர் ஒற்றெழுத்தின் விலை தெரியும். கொடுமுடி அருகே சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலத்துக்குப் போகிறவர் கிலோ விலையைச் சொல்லிப் பதிவு செய்தால், ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். கையால் அடிக்கும்போது வரும் பிழை பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியும். மென்பொருளின் பிழை அப்படியில்லை. அது எழுதும் தவறான சொல்லும் அகராதியில் உள்ள, எழுத்துப்பிழை இல்லாத சொல்லாகவே இருக்கும். அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

வேறு குறைகளும் உண்டு. கூகுள் டாக்ஸில் ‘இந்த வரியை அழி’ என்பது போன்ற குரல் கட்டளைகள் ஆங்கிலத்துக்கே. தமிழில் திருத்தக் கை விசைக்குத்தான் போக வேண்டும். இணையம் வழியாக இயங்கும் சேவையில் நம் குரல் வெளியே உள்ள கணினிக்குப் போய்த் திரும்புகிறது. வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் விவரத்தையும் மருத்துவர் நோயாளியின் விவரத்தையும் அப்படி அனுப்புமுன் யோசிக்க வேண்டும். விஸ்பர் போன்றவற்றைச் சொந்தக் கணினியிலேயே இணையமின்றி இயக்கலாம். அதற்குத் திறன் கூடிய இயந்திரம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முரண் ஒன்று உண்டு. எழுத்து சரளமாக வராதவருக்குத்தான் இந்தக் கருவி அதிகம் தேவை. அது எழுதியதைச் சரிபார்க்கவோ எழுத்து தெரிந்திருக்க வேண்டும். எழுதியதைக் கணினியையே வாசிக்கச் சொல்லிக் கேட்பது பாதி மருந்து. விட்டுப்போன சொல்லும் மாறிய எண்ணும் காதில் பிடிபடும். கரையும் கறையும், அரையும் அறையும் இன்றைய பேச்சில் ஒன்றாகவே ஒலிப்பதால் அந்தப் பிழை காதுக்கும் தப்பிவிடும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் விவேகம். கடிதம், கட்டுரை, கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் முதல் வரைவைக் குரலுக்கு விடலாம். பெயர், சர்வே எண், தொகை, தேதி ஆகியவற்றைக் கையால் அடிக்க வேண்டும். கையெழுத்தாகிப் போகும் எந்தத் தாளையும் எழுத்தறிந்த ஒருவர் வரிவரியாகப் படித்த பிறகே அனுப்ப வேண்டும். தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இந்தக் கருவி இன்றே லாபம். தெரியாதவருக்கும் அது லாபமாக, கொடுமுடியில் பேசும் தமிழை மென்பொருள் கற்றாக வேண்டும். அதுவரை டி.டி.பி. கடைக்காரரின் பிழைப்புக்கு ஆபத்தில்லை. தட்டச்சராக இருந்தவர் இனித் திருத்துநராக வேண்டியிருக்கும்.