நான்கு கிராம் கேமராவுக்கு ஒரு கிலோ தாங்கி

ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிக்கென 2013ஆம் ஆண்டு முதல் கேமராப் பலகைகள் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் 2023 ஜனவரியில் வெளியான மூன்றாம் தலைமுறைக் கேமரா 25 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சுற்றுப்பலகையில் 12 மெகாபிக்சல் உணரியையும் தானாகக் குவியம் தேடிக்கொள்ளும் லென்ஸையும் தாங்கியிருந்தும், அதன் மொத்த எடை 4 கிராம்தான். ஆனால் அதை நிறுத்திவைப்பதற்கான வழி எதுவும் பெட்டியில் வருவதில்லை. சாதாரணக் கேமராக்களின் அடிப்பகுதியில் உள்ள கால் அங்குல மரைத்துளை, அதாவது 6.35 மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்துக்கு 20 மரைச்சுற்றுகளும் கொண்டு எந்த டிரைபாடிலும் பொருந்தும் துளை, 2020இல் வந்த பெரிய ஹெச்க்யூ கேமராவுக்கு வழங்கப்பட்டது. சிறிய பலகைக்கு வழங்கப்படவில்லை. அதிலிருப்பவை எம்2 திருகு நுழையும் அளவிலான நான்கு துளைகள் மட்டுமே. அவற்றின் மையங்கள் ஒரு திசையில் 21 மில்லிமீட்டரும் மறுதிசையில் 12.5 மில்லிமீட்டரும் விலகி நிற்கின்றன. இந்த நான்கு துளைகளிலிருந்து தொடங்கி ஒரு மேசைத் தாங்கியை வடிவமைக்கும்போது எவையெவை உதவுகின்றன, எவை ஏமாற்றுகின்றன என்பதைத் தாள்களைப் படியெடுத்தல், சால்டரிங் வேலையை மேலிருந்து படம்பிடித்தல் ஆகிய இரு பயன்களை முன்வைத்து இம்மதிப்பாய்வு பார்க்கிறது.

தாங்கியின் உயரத்தை முடிவு செய்வது லென்ஸின் பார்வைக்கோணமாகும். சாதாரண வகைக் கேமரா கிடைமட்டமாக 66 பாகையும் செங்குத்தாக 41 பாகையும் காண்பதால், 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழ்நோக்கினால் ஏறத்தாழ 39 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பரப்பு அதன் சட்டத்துக்குள் அடங்கும். 29.7 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர் அளவுள்ள ஏ4 தாள் இதற்குள் சற்றே நெருக்கடியாகப் பொருந்துகிறது. படத்தின் அகலம் 4608 பிக்சல் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவான பிக்சல்கள் கிடைக்கின்றன. இது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று ஸ்கேனர் வைத்திருப்போர் சொல்லும் அளவேயாகும். காகித அளவில் இது நல்ல செய்தி. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தில், படம் எடுக்கும் கணத்தில் கேமரா பத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே ஒரு பிக்சலுக்கு மேல் படம் கலங்கிவிடும். கேமராவின் தலை ஒரு பாகை திரும்பினால் படத்தின் நடுப்பகுதி அறுபது பிக்சலுக்கு மேல் இடம்பெயரும். ஒரு பாகை சாய்வுடன் ஏ4 தாளை எடுத்தால் தாளின் இரு ஓரங்களும் கேமராவிலிருந்து 5 மில்லிமீட்டர் வேறுபட்ட தொலைவில் நிற்பதால், செவ்வகம் ஒருபக்கம் குறுகிய சரிவகமாகப் பதிவாகிறது. தாங்கியின் தரம் அது எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்பதால் அளக்கப்படாமல், விரும்பிய கோணத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தபின் அக்கோணம் எவ்வளவு மாறுகிறது என்பதால் அளக்கப்பட வேண்டியதற்கு இதுவே காரணம்.

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் சுமைத்திறன் இந்தக் கேமராவுக்குப் பொருளற்றது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் 4 கிராம் கேமரா தொங்கினால் அது தூணின் மீது உண்டாக்கும் முறுக்குவிசை, அதாவது விசையையும் அது செயல்படும் தொலைவையும் பெருக்கிக் கிடைக்கும் திருப்பும் ஆற்றல், 60 கிராம்-சென்டிமீட்டர் மட்டுமே. கையின் சொந்த எடையே அதைப்போல் பலமடங்கு முறுக்கும். உண்மையான எதிரி கேமராவிலிருந்து கணினிக்குச் செல்லும் ரிப்பன் கேபிள். பதினைந்து கம்பிகளை அடுத்தடுத்துப் படுக்கவைத்து 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டப்பட்ட இந்தப் பட்டை அகலப் போக்கில் வளைய மறுப்பதோடு, வளைத்த இடத்தில் தகட்டு வில்லைப்போல் திமிறி மீள முயல்கிறது. 30 சென்டிமீட்டர் உயரத்தில் 100 கிராம் எடைக்கு ஈடான ஓர் இழுப்பு ஏற்பட்டால் அடித்தளத்தை 3000 கிராம்-சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்க்க முற்படுகிறது. கேமராவின் எடை செய்வதைப்போல் இது ஐம்பது மடங்கு. இலகுவான கேமராவுக்கு இலகுவான தாங்கி போதும் என்ற எண்ணம் முதலில் உடைவது இங்கேதான்.

கடைகளில் எளிதில் கிடைப்பது வளையும் கழுத்துத் தாங்கி. சுருள்கம்பியும் அதன்மேல் சுற்றிய உறையும் சேர்ந்த இக்கழுத்தை எப்படியும் வளைக்கலாம் என்பது உண்மையாயினும், வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் அது சிறிது பின்வாங்குகிறது. எனவே வேண்டிய இடத்தைத் தாண்டி வளைத்துவிட்டு, அது திரும்பி வரும் அளவை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேசையை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு முன்காட்சித் திரையை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்துகள் நடுங்கி அடங்கப் பிடிக்கும் நேரமே இவ்வகையின் தகுதியைச் சொல்லிவிடும். இந்த உணரி படத்தை வரிவரியாகப் படிப்பதால், நடுக்கம் காணொளியில் கோடுகளை நெளியச்செய்தும் காட்டுகிறது. அசையும் பொருளைத் தோராயமாகக் காட்ட இது போதும், படியெடுப்பதற்கு உதவாது.

பந்துமூட்டுத் தலையுடைய சிறு டிரைபாட்கள் இதைவிட மேலானவை. ஓர் உலோகப் பந்தை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து ஒரே திருகால் நெருக்கும் இந்த அமைப்பு, எல்லாத் திசைகளிலும் ஒரே சமயத்தில் தளர்கிறது என்பதே அதன் வசதியும் குறையுமாகும். சாய்வைத் திருத்தப் போனால் ஏற்கெனவே சரிசெய்த திருப்பமும் கலைந்துவிடுகிறது. திருகை இறுக்கும் கடைசிச் சுற்றில் பந்து சிறிதளவு உருண்டு படம் நகர்வதை மலிவான தலைகள் அனைத்திலும் காணலாம். ஜோபி நிறுவனம் 2006இல் அறிமுகப்படுத்திய கொரில்லாபாட் என்னும் தாங்கி, இதே பந்துமூட்டைச் சங்கிலியாகக் கோத்துக் கால்களாக்கிக்கொண்டது. மரக்கிளையையும் கம்பியையும் பற்றிக்கொள்ளும் அதன் திறமை வெளிப்புறப் படப்பிடிப்புக்கு உரியது. சமமான மேசையின் மேல் கேமராவை நேர்கீழாக நோக்கவைக்கும்போது அதன் ஒவ்வொரு மூட்டும் ஒரு புதிய நெகிழ்வாகவே மாறிவிடுகிறது.

எனவே தானே வடிவமைத்துக்கொள்ள முனைவோருக்கு ஏற்ற ஏற்பாடு, பழைய படியெடுப்புத் தாங்கியின் சுருங்கிய வடிவமேயாகும். ஏ3 அளவுள்ள ஓர் ஒட்டுப்பலகையின் அடியில் 20 சென்டிமீட்டர் பக்கமும் 3 மில்லிமீட்டர் கனமும் கொண்ட எஃகுத் தகட்டைத் திருகினால், தகடு மட்டும் ஏறத்தாழ 940 கிராம் எடை தருகிறது. இரும்புக் கடையில் வெட்டி வாங்கக்கூடிய இந்தத் தகடு, கேபிள் இழுத்தாலும் கை இடித்தாலும் தாங்கி சாயாதிருக்கப் போதுமானது. பலகையின் பின்னோரத்தில் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள தூண். உருண்டைக் கம்பியா, சதுர அலுமினியச் சட்டமா என்ற கேள்வியில் பலரும் கையில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் இத்தேர்வு பயனைப் பொறுத்தது. உருண்டைக் கம்பியில் பிடியைத் தளர்த்தினால் கை உயரத்தில் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் சுழன்றுவிடுகிறது என்பதால், சால்டரிங் வேலையில் கையை ஒதுக்கித் தள்ள அது வசதி. நான்கு பக்கமும் பள்ளமிட்ட 20 மில்லிமீட்டர் சதுரச் சட்டத்திலோ பிடி மேலும் கீழும் மட்டுமே நகர்வதால், ஒருமுறை தாளின் நடுவில் பொருத்திய கேமரா உயரத்தை மாற்றினாலும் நடுவிலேயே நிற்கிறது. படியெடுப்போர் இரண்டாவதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

கையின் நீளத்தில் தாராளம் கூடாது. ஒரு முனை மட்டும் பிணைக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் சட்டம் நுனியில் சுமை ஏறும்போது வளையும் அளவு, அதன் நீளத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும், மாறாகச் சட்டத்தின் தடிமனை இருமடங்காக்கினால் வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். ஏ4 தாளின் நடுப்பகுதிக்குமேல் கேமரா நிற்க 15 சென்டிமீட்டர் கை போதுமென்றால், பின்னால் உதவும் என்று 30 சென்டிமீட்டர் வைப்பது வீண் நடுக்கத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இந்த வடிவமைப்பின் உயிர்நாடி, கையின் நுனிக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள சாய்வு மூட்டு. இங்கே விளையாட்டுக் கேமராக்களால் பரவலான விரல் மூட்டு சிறந்து விளங்குகிறது: ஒரு பக்கம் மூன்று தட்டையான விரல்கள், மறுபக்கம் இரண்டு; ஒன்றின் இடைவெளிக்குள் மற்றொன்று புகுந்து, அனைத்தையும் ஊடுருவும் ஓர் எம்5 போல்ட்டால் நெருக்கப்படுகின்றன. இரு தகடுகள் மட்டும் உரசும் மூட்டில் ஒரே உராய்வுப் பரப்பு இருக்க, இதில் நான்கு பரப்புகள் கிடைப்பதால் அதே இறுக்கத்துக்கு நான்கு மடங்கு பிடிமானம் கிட்டுகிறது. கைக்கருவி இல்லாமல் விரலால் முறுக்கினாலே போதும் என்னும் வசதி இதிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். குமிழை முறுக்கும்போது போல்ட்டின் தலை தனக்கு அடுத்துள்ள விரலையும் தன்னுடன் சேர்த்துத் திருப்ப முயல்வதால், பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கோணம் இறுகும் கணத்தில் ஒரு பாகை அளவுக்கு நழுவுகிறது. போல்ட்டின் தலைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நைலான் வாஷரையும், அதன்மேல் சுழலாதபடி ஒருபக்கம் தட்டையாக்கிய ஓர் உலோக வாஷரையும் வைத்தால் திருப்பம் அங்கேயே நின்றுவிடும். மறுமுனை நட்டை அறுகோணப் பள்ளத்துக்குள் புதைத்துவிட வேண்டும். சில ரூபாய் செலவில் செய்யக்கூடிய இத்திருத்தத்தைப் பல ஆயத்தத் தாங்கிகள் செய்யாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது.

கேமராவைப் பிடிக்கும் தட்டில் நான்கு எம்2 திருகுகளையும் மென்மையாக மட்டுமே இறுக்க வேண்டும். பலகையின் பின்புறமுள்ள சிறு பாகங்கள் தட்டில் படாதபடி நைலான் இடைவெளிக் குழாய்களை இடுவது நலம். அதைவிட முக்கியமானது கேபிளைக் கட்டும் இடம். கேமராவிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, சாய்வு மூட்டுக்கு அப்பால் கையின் மீது பட்டையை ஒரு பிடியால் நெருக்கி, இடைப்பட்ட பகுதியைத் தளர்ந்த வளையமாக விட்டால், கணினிப் பக்கமிருந்து வரும் இழுப்பு அனைத்தும் அப்பிடியோடு நின்று கேமராவைத் தொடுவதில்லை. மேற்சொன்ன ஒரு கிலோ அடித்தளமும் இப்பிடியும் சேர்ந்தே தாங்கியை அசையாமல் வைக்கின்றன. இரண்டில் ஒன்றைக் கைவிட நேர்ந்தால் கைவிடக்கூடாதது பிடி.

பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுப்போர் முதலில் நாடுவது பிஎல்ஏ இழை. அது விறைப்பானது, அச்சிட எளிது. ஆயினும் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்குவதோடு, திருகின் இடைவிடாத நெருக்கலுக்கு உட்படும்போது அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல ஒடுங்கும் ஊர்வு என்னும் இயல்பும் அதற்கு உண்டு. முதல் நாள் கல்லாய் நின்ற மூட்டு சில வாரங்களில் தானே தளர்வது இதனால்தான். பிஇடிஜி இழை 80 பாகைவரை தாங்கும் என்றாலும் ஊர்விலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. அகன்ற உலோக வாஷரால் நெருக்கலைப் பரப்புவதே இரண்டுக்கும் பொதுவான மருந்து. விரல்களை அச்சிடும்போது அடுக்குகள் விரலின் நீளவாக்கில் ஓடும்படி படுக்கவைத்து அச்சிட வேண்டும். நிற்கவைத்து அச்சிட்ட விரல் அடியோடு, அடுக்குகளின் இணைப்பில், முறிந்துபோகும்.

காந்தத்தால் ஒட்டும் அடித்தளத்தையோ தலையையோ விரும்புவோர் இந்தக் கேமராவைப் பொறுத்தவரை அவ்வாசையை விட்டுவிட வேண்டும். தானாகக் குவியம் தேடும் லென்ஸை நகர்த்துவது காந்தப்புலத்துக்குள் மின்சாரம் பாயும் ஒரு சிறு சுருளாகையால், அருகில் வலுவான காந்தம் இருந்தால் லென்ஸ் நிற்கும் இடமே மாறக்கூடும். புவியீர்ப்பும் அந்தச் சிறு லென்ஸை இழுப்பதால், நேராக நோக்கும்போது பொருத்திய குவியம் கீழ்நோக்கியதும் சற்று விலகலாம்; தாங்கியை இறுதி நிலையில் பூட்டியபின் குவியத்தைத் தேடவைத்து, பின்னர் அதைக் கைமுறையில் நிலைநிறுத்திக்கொள்வது முறை. படம் எடுக்கும் கட்டளை விசைப்பலகையிலிருந்து செல்வதாலும், முன்னிருப்பாக 5 விநாடி முன்காட்சிக்குப் பின்னரே படம் பதிவாவதாலும், கை பட்டு எழும் அதிர்வு அடங்க நேரம் கிடைக்கிறது.

கேமரா நேர்கீழாக நோக்குகிறதா என்பதை அறியக் குமிழ்மட்டம் தேவையில்லை. மேசையே சாய்ந்திருந்தால் அது தவறாகவும் வழிகாட்டும். தாள் வைக்கும் இடத்தில் ஒரு தட்டையான முகக்கண்ணாடியை வைத்து முன்காட்சியைப் பார்த்தால், லென்ஸின் பிம்பம் திரையின் நடுப்புள்ளியில் விழும்போது கேமரா பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று கொள்ளலாம். விரல் மூட்டு ஒரு திசைச் சாய்வை மட்டுமே தருவதால் மறுதிசைக்கு இன்னொரு மூட்டு சேர்க்கத் தோன்றும். சேர்க்காமல், தூணின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகித் திருத்தி ஒருமுறை நிரந்தரமாக இறுக்கிவிடுவதே மேல்.

ஒரே கேமராவை இன்று மேசையிலும் நாளை சன்னலிலும் வைக்க வேண்டியவர்களுக்கு, அச்சிட்ட கேமராத் தட்டில் கால் அங்குல நட்டு ஒன்றைப் புதைத்து, நல்ல பந்துமூட்டுத் தலையுள்ள சிறு டிரைபாடில் பொருத்துவதே செலவும் உழைப்பும் குறைந்த வழி. தாள்களையும் மின்சுற்றுகளையும் நாள்தோறும் படம்பிடிப்போருக்கு, எஃகு அடித்தளமும் சதுரத் தூணும் 15 சென்டிமீட்டர் கையும் விரல் மூட்டும் கொண்ட அமைப்பே ஏற்றது. வளையும் கழுத்துத் தாங்கியை இவ்விரு பயன்களுக்கும் வாங்க வேண்டியதில்லை.