கீசகவதம்: பேசாப்படமும் பேசலாகாத கதையும்

தென்னாட்டில் எடுக்கப்பெற்ற முதற் பேசாப்படம் ‘கீசகவதம்’ என்பர். அதனை ஆக்கியவர் ஆர். நடராச முதலியார். அது வெளிவந்த ஆண்டு 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். அதன் முதன்மையும் ஆண்டும் பேசப்பெற்ற அளவிற்கு, அக்கதை பேசாப்படத்திற்கு ஏற்றதா என்னும் வினா ஆராயப்பெறவில்லை. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சென்னையில் மோட்டார் உறுப்பு வாணிகம் செய்துவந்த முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படக்கருவியை இயக்கக் கற்று, மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பகம் அமைத்தார். இக்கதை முதன்முயற்சிக்குத் தகாதென உறவினர் சிலர் தடுத்தனர் என்றும், பம்மல் சம்பந்த முதலியாரே ஊக்கினார் என்றும் அறிகின்றோம். படச்சுருள் இன்று கிடைத்திலது. ஆதலின் நடிப்பைப்பற்றி முடிவு கூறுதல் இயலாது; கதைத்தேர்வைப்பற்றிக் கூறலாம்.

கரந்துறையும் ஆண்டில் பாண்டவர் தம்மை வெளிப்படுத்தலாகாது. விராடன் அவையில் கீசகனால் உதையுண்ட திரௌபதி முறையிடினும், தன் கணவர் இன்னார் எனச் சொல்ல இயலாதவள். கணவரோ கண்டும் அயலார்போல் அமைதல் வேண்டும். சினந்தெழும் வீமனின் பெருவிரலைத் தருமன் தன் பெருவிரலால் அழுத்தித் தடுப்பதாக வியாசபாரதம் கூறும். உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலனாதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். இக்கதையின் உயிர்நிலை அம்மெய்ப்பாடே.

முதலியார் அடுத்து எடுத்த ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’ (1918) இதற்கு மாறுபட்ட கதையாகும். சூதவையில் திரௌபதி எழுப்பும் அறவினா சொல்லாலன்றி விளங்காது. காட்சிகளுக்கிடையே காட்டப்பெறும் எழுத்துரையே அதனைத் தாங்கல் வேண்டும். கீசகவதத்திற்கோ எழுத்துரை நினைவூட்டும் துணையாக அமைந்தாலே போதும்.

அந்நினைவு மக்களிடம் முன்னரே இருந்தது. நாம் வாழும் நெய்வேலியைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், திரௌபதியம்மன் விழாக்களில் பாரதம் படித்தலும் கூத்தாடலும் நெடுநாளைய வழக்கு. வில்லிபாரதத்துக் கீசகன் வதைச் சருக்கத்தைக் கல்லாதாரும் கதையைக் கேட்டறிந்திருந்தனர். திரையில் இல்லாத சொல்லைக் காண்போர் தம் நெஞ்சிலிருந்தே நிரப்பிக்கொண்டிருத்தல் கூடும்.

அறிந்த கதை பொருளீட்டும் என்பதே தேர்விற்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். அதனை நாம் மறுக்கவில்லை. முதலியார் மெய்ப்பாட்டியலை எண்ணித் தேர்ந்தார் என்றும் கூறவில்லை. காரணம் யாதாயினும் பொருத்தம் பொருத்தமே. முதற்படம் என்னும் பெருமை ஆண்டுக்கணக்கால் வருவது. பிறிதொரு சான்று கிடைப்பின் அது மாறவுங்கூடும். பேசலாகாத மாந்தரின் கதை பேசவியலாத கலையில் அமைந்த பொருத்தமோ மாறாது. ‘கீசகவதம்’ தமிழாய்விற்கு உரிய பொருளாதல் இதனாலேயே என்பது நம் துணிபு.