கொடையாக வந்த வாள்

டிசம்பர் 31 இரவில் திருத்தணி மலையின் 365 படிகளிலும் கற்பூரமும் பாட்டுமாக இருக்கும். படித்திருவிழா எப்படி வந்தது என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1 அன்று மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரை வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கமாம். துரைக்கெல்லாம் துரை முருகன்தான் என்று சொல்லி வள்ளிமலை சுவாமிகள் ஜனங்களை மலைக்குத் திருப்பிவிட்டாராம். துரை மாறினாரே தவிர வாசலில் நிற்பது மாறலையே என்று நான் ஒருமுறை சொல்லப்போக, அடிக்காத குறை.

காணிக்கை கீழிருந்து மேலே போவது. மேலிருந்து கீழே வருவதற்குக் கொடை என்று பெயர். இரண்டிலும் யார் எங்கே நிற்பது என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஜப்பானியப் பேரரசர் கொடையாக வழங்கிய நவீன வாள்களை இன்று உலகம் முழுக்கத் தேடிச் சேர்க்கிறார்கள். அவற்றை விவரிக்கிற மொழியை வாசித்தபோது எனக்கு நம்ம ஊர்ப் படிதான் நினைவுக்கு வந்தது.

தரைப்படைப் போர்க் கல்லூரியில் முதல் ஆறு இடங்களில் தேறியவர்களுக்குப் பேரரசர் பெயரால் வாள் தரப்பட்டது. 'ஒன்ஷி', அதாவது அரசரின் அருட்கொடை. 1933-இல் டோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்திலேயே கொல்லுலை போட்டார்கள். போரில் மாண்ட சிப்பாய்களைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் இடம் அது. 1945 வரை சுமார் 8,100 வாள்கள் அங்கே அடிக்கப்பட்டன, கொடைவாள்கள் உட்பட. சேகரிப்பவர் முதலில் பார்ப்பது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டை. மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றினால் கொல்லர் பெயரும் தேதியும் தெரியும். பிறகு எஃகின் ரேகை, விளிம்பில் ஓடும் வெண்ணிற அலை. எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. எடோ காலத்து வாள்கள் சிலவற்றில் எத்தனை உடல்களை வெட்டிச் சோதித்தார்கள் என்பதையும் பொன்னால் பதித்திருப்பார்கள். தண்டனை பெற்ற கைதிகளின் உடல்கள். வெட்டியவன் பெயர் இருக்கும், வெட்டுப்பட்டவன் எண்ணிக்கையாக மட்டும் இருப்பான். அப்படிப்பட்ட வாளுக்கு விலையும் கூடுதல்.

தோற்ற பிறகு நடந்தது இதைவிட முக்கியமானது. ஆக்கிரமிப்புப் படை வாள்களைப் பறிமுதல் செய்து அழித்தது. கலைப்பொருள் என்று மெய்ப்பித்தால் மட்டுமே பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. இன்றும் அதுதான் அங்கே சட்டம். மரபு முறையில் கையால் அடித்த வாள் கலை, எனவே பிழைக்கும். சாதாரண அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் தொழிற்சாலையில் செய்து கொடுத்த வாள் வெறும் ஆயுதம், எனவே பதிவாகாது. ஒரே போர், ஒரே பேரரசர். ஆனால் தளபதியின் வாள் அழகியலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. 'கலை' என்ற சொல் இங்கே மன்னிப்புக் கடிதமாக வேலை செய்கிறது. இலக்கியத்தில் இதே சொல்லை வைத்து நம்மவர்கள் யார் யாரை மன்னித்தார்கள் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

1916-இல் அந்தக் கல்லூரியில் ஆறாவதாகத் தேறியவர் டொமோயுகி யமஷிதா. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் வெள்ளைக்காரனைச் சரணடைய வைத்தவர் இவர்தான். மலேயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களில் எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஆட்கள் நிறையப் பேர். ஜப்பானிய ஆட்சி அந்தத் தோட்டங்களிலிருந்து ஆள்பிடித்து 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பியது. அங்கே மாண்ட போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காஞ்சனபுரி கல்லறைகளில் வரிசையாக அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். அதில் தமிழர் எத்தனை பேர் என்பதற்கு ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மதிப்பீடுகள்தான் மிச்சம். வாளுக்கு அடித்த தேதி உண்டு, கொல்லர் பெயர் உண்டு, வாங்கியவர் வரலாறு உண்டு. கூலிக்கு?

ஆயுதக் காட்சியைப் பற்றிய விமர்சனம் தமிழுக்குப் புதிதில்லை. நாங்கள் இருக்கிற இந்தத் தொண்டை நாட்டின் மன்னனிடம் தூது வந்த ஔவை, மாலை சூட்டி நெய் பூசிப் பளபளத்த அவன் ஆயுதச்சாலையைப் பார்த்துச் சொன்னது புறநானூறு 95. அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். அற்புதமான நக்கல்தான். ஆனால் அந்த நுனி யார் உடம்பில் முறிந்தது என்று ஔவையும் கேட்கவில்லை. பாடினிக்கும் கொடை தருபவன் அதியமான்தானே.

ஜப்பானியனைத் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. செங்கோட்டையில் 2019-இல் திறந்த அருங்காட்சியகத்தில் போஸின் நாற்காலியோடு அவர் வாளும் இருக்கிறது. கூட்டிப்போகிற வாத்தியார் பிள்ளைகளுக்கு வீரத்தைச் சொல்வார், சயாமைச் சொல்வாரா? நம் மாநாட்டு மேடைகளில் தலைவருக்கு வெள்ளி வாள் கொடுக்காத கட்சி உண்டா? 1986-இல் மதுரையில் எம்.ஜி.ஆருக்கு ஜெயலலிதா தந்தது செங்கோல். வாளோ கோலோ, தலைவர் அதை உயர்த்திப் பிடிக்கிறார், போட்டோ எடுக்கிறார்கள், கீழே விசில் பறக்கிறது. மறுநாள் பேப்பரில் படமும், எத்தனை கிலோ வெள்ளி என்ற கணக்கும் வருகிறது. அந்த வெள்ளிக்கு ரசீது புத்தகம் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய வட்டச் செயலாளர் படத்தில் இருக்கமாட்டார். தட்டி கட்ட மரமேறியவனும் இருக்கமாட்டான்.