பிரசங்க பீடம் தவறவிட்ட விதவை

லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையின் உவமை நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் இடைவிடா ஜெபத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டுமே விளக்கப்படுகிறது. நற்செய்தியாளரே அந்நோக்கத்தை முன்வைக்கிறார் என்பது மெய்யே. ஆயினும் உவமையில் அப்பெண் திரும்பத் திரும்பச் செல்வது ஆலயத்திற்கன்று, அதிகாரம் படைத்தவனிடத்திற்கு. அவளால் தனக்கு நேரக்கூடுமென நியாயாதிபதி அஞ்சுவதைச் சுட்டும் கிரேக்கச் சொல், கண்ணுக்குக் கீழே குத்துதல் எனப் பொருள்படும் குத்துச்சண்டை வழக்கு. பவுல் 1 கொரிந்தியர் 9:27-இல் கையாளுவதும் இதுவே. தமிழ் மொழிபெயர்ப்பில் அது தொந்தரவாக மெலிந்தது. நம் விளக்கமும் உடன் மெலிந்தது.

அதிகாரத்தைக் கண்டிக்கும் துணிவுக்கு நாம் நாத்தானையே நாடுகிறோம். அவனுக்கு அரண்மனையில் நுழைவு இருந்தது. தாவீதும் உடனே உடைந்தான். வாழப்பாடிக்கு வடக்கே, அரூர் வட்டத்து வாச்சாத்தியின் மலைவாழ் பெண்களுக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்குள்ளாயினர். பெண்கள் பலர் குழந்தைகளுடன் சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களே பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி பகர்ந்தனர். 1995-இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுக்கு ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. முப்பத்தோராண்டுகள்! இது நாத்தானின் துணிவன்று, விதவையின் துணிவு.

உவமையின் விதவைக்குத் துணை நின்றவர் எவருமில்லை. வாச்சாத்திப் பெண்களுக்கு மலைவாழ் மக்கள் சங்கத்தார் இருந்தனர். அவர்களுக்கு நம் விளக்கவுரைகளில் எங்கே இடம்?