எல்லோரும் அறிய வேண்டியது எது?

பட்டம் பெற்று வெளியேறும் ஒருவர், எந்தத் துறையைப் பயின்றவராயினும், கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது எது? இக்கேள்விக்கு விடையாகவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கல்வி என்னும் ஏற்பாடு உருவாயிற்று. மாணவர் தம் சிறப்புப் பாடத்தோடு இலக்கியம், வரலாறு, மெய்யியல், அறிவியல் ஆகியவற்றிலும் ஒரு பொது அடித்தளம் பெற வேண்டும் என்பதே அதன் சாரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இவ்விடையை எழுதியும் திருத்தியும் வந்த வரலாற்றை இங்கு மதிப்பிட முற்படுகிறோம். பிறருடைய பாடத்திட்டம் நமக்கெதற்கு என வினவுவோர் உண்டு. ஆனால் இதே கேள்வி ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நூல்களில் எழுப்பப்பட்டது. இன்று நம் கல்லூரிகளிலும் மத்ரஸாக்களிலும் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது.

1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தம் பாடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் முறையை நிலைநாட்டினார். கிரேக்கமும் இலத்தீனும் அனைவர்க்கும் கட்டாயம் என்ற பழைய நிலை தளர்ந்தது. அது விடுதலையாகத்தான் தோன்றிற்று. எனினும் ஒரே கல்லூரியில் பயின்ற இருவர் பொதுவாக அறிந்த நூல் ஒன்றுகூட இல்லாமற் போகலாம் என்ற கவலையும் உடன் வளர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், கொலம்பியாப் பல்கலைக்கழகம் தன் மாணவர்க்குப் பொதுவாகச் சமகால நாகரிகம் பற்றிய பாடம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டாம் போரின் நடுவே, 1943இல், ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் ஒரு குழுவை அமைத்தார். அக்குழு 1945இல் அளித்த 'சுதந்திர சமுதாயத்தில் பொதுக்கல்வி' என்னும் அறிக்கை, அட்டையின் நிறத்தால் 'செந்நூல்' என்றே வழங்கலாயிற்று.

கோனன்ட் வேதியியல் அறிஞர். அணுகுண்டு ஆய்வை மேற்பார்த்தோருள் ஒருவர். அறிவு எதையெல்லாம் செய்ய வல்லது என்பதை மிக அருகிலிருந்து கண்டவரின் காலத்தில், கற்றவன் யார் என்ற கேள்வி எழுந்தது இயல்பே. தெளிவாகச் சிந்தித்தல், சிந்தித்ததை எடுத்துரைத்தல், பொருத்தமாகத் தீர்மானித்தல், விழுமியங்களைப் பகுத்தறிதல் என நான்கு பண்புகளைக் கல்வியின் பயனாகச் செந்நூல் வகுத்தது. சமயம் இனிப் பெரும்பாலான கல்லூரிகளில் அறிவை ஒருங்கிணைக்கும் அச்சாக இயங்க இயலாது என்பதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் சமயம் விட்டுச் சென்ற இடத்தில் அது வைத்தது மேற்குலகின் மரபை. 'எல்லோருக்கும்' என்று தொடங்கிய விடை, ஒரு சாராரின் மரபுரிமையாகக் குறுகிற்று. அரிஸ்டாட்டிலை இலத்தீன் உலகுக்கு விளக்கிய இப்னு ருஷ்துக்கு அவ்வீட்டில் விருந்தாளியின் இருக்கையே கிடைக்கும். உறவினர் வரிசையில் இடமிராது.

அடுத்த மாற்றம் 1978இல் நிகழ்ந்தது. ஹென்றி ரோசோவ்ஸ்கி கலை, அறிவியல் புலத்தின் முதன்மையராக இருந்த காலத்தில் ஏற்கப்பட்ட 'மையப் பாடத்திட்டம்', எந்த நூலைக் கற்பது என்பதைவிட, ஒவ்வொரு துறையும் அறிவை எவ்வழியில் அடைகிறது என்பதையே முதன்மையாக்கியது. உள்ளடக்கம் பின்சென்று அணுகுமுறை முன்வந்தது. இது அடக்கமான நிலைப்பாடு போலத் தோன்றும். ஆனால் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விடுத்த எச்சரிக்கை இங்கு நினைவுகூரத் தக்கது. நஹ்வும் மன்திக்கும் கருவிக் கலைகள். அவற்றிலேயே ஆயுளைக் கழிப்பவன் அவை எதற்காகக் கற்கப்படுகின்றனவோ அந்த இலக்கை எப்போது அடைவான் என்பது அவரது கவலை. அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருப்பவன் அறுவடைக்குச் செல்வதில்லை.

2006ஆம் ஆண்டு அக்டோபரில் ஹார்வர்டின் புதிய குழு, 'பகுத்தறிவும் நம்பிக்கையும்' என்னும் பிரிவை அனைவர்க்கும் கட்டாயமாக்கலாம் என முன்மொழிந்தது. சமயத்தைப் போதிப்பதன்று, உலகை இயக்கும் ஆற்றலாக அதனை ஆராய்வதே நோக்கம். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் உள்ளிட்டோர் எதிர்த்தனர். பகுத்தறிவுக்காகவே நிற்கும் நிறுவனத்தில் நம்பிக்கையை அதற்கு இணையாக நிறுத்துவது தகாது என்பது அவர்தம் வாதம். டிசம்பரிலேயே அப்பிரிவு கைவிடப்பட்டது. 2007இல் நிறைவேறிய எட்டுப் பிரிவுகளுள் 'பண்பாடும் நம்பிக்கையும்' என ஒன்று இடம்பெற்றது. பெயர் மாற்றம் சிறிது. பொருள் மாற்றம் பெரிது. அறிவோடு வாதிடத் தக்கதாக இருந்த நம்பிக்கை, உணவு உடை போலப் பண்பாட்டின் ஒரு கூறாயிற்று. கலாம் கலையின் நூல்களில் பகுத்தறிவும் வஹ்யும் நேர்நின்று வாதிடக் கண்ட நமக்கு, அந்த உரையாடலையே தவிர்த்தது துணிவின்மையாகவே படுகிறது. 2016இல் மீண்டும் வாக்கெடுத்து, 2019இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் பிரிவுகள் நான்காயின. ஒவ்வொரு திருத்தத்திலும் பட்டியல் மாறுகிறது. 'ஏன் இது அனைவர்க்கும் கடமை' என்ற கேள்வியோ மெலிந்துகொண்டே வருகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் கல்வி பற்றிய நூலில் இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமையான கல்வி எது என்பதில் மக்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிரிவினராகப் பிரிந்தனர் என்றும், ஒவ்வொருவரும் தத்தம் கலையையே அக்கடமை எனக் கொண்டனர் என்றும் அவர் காட்டுகிறார். கலாம் அறிஞர் கலாம் என்றார். ஃபுகஹாக்கள் ஃபிக்ஹ் என்றனர். பல்கலைக்கழகத் துறைகள் பாடவேளைக்காகப் போட்டியிடுவதைக் கண்டோருக்கு இது புதிதன்று. இமாம் அவர்களின் விடை வேறு வகையானது. ஃபர்ளு ஐன் என்பது கலைகளின் பட்டியலன்று. மனிதன் ஏற்கும் பொறுப்போடு அது பிறக்கிறது. வணிகம் செய்பவனுக்கு வட்டி எது என்று அறிவது கடமையாகிறது. மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதபோது எல்லோரும் ஃபிக்ஹை நோக்கி ஓடுவதேன் என அவர் கேட்கிறார். வக்ஃபின் பொறுப்பும் அநாதைச் சொத்தின் மேற்பார்வையும் காஜி பதவியும் அவ்வழியில் கிடைக்கின்றன என்பதே காரணம் எனவும் உரைக்கிறார். இன்று ஓட்டத்தின் திசை மட்டுமே மாறியிருக்கிறது.

இதைக் கொண்டு நாம் மார்தட்டிக்கொள்ள இயலாது. 'கல்லூரிகளின் எழுச்சி' என்னும் நூலை 1981இல் வெளியிட்ட ஜார்ஜ் மக்திஸியை நம்மவர் மேடைதோறும் மேற்கோள் காட்டுவர். ஆனால் வக்ஃபால் நிறுவப்பட்ட மத்ரஸாவின் மையம் ஃபிக்ஹே என்பதும், தத்துவம் முதலிய கலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் பயிலப்பட்டன என்பதும் அவரே காட்டும் உண்மைகள். மனிதனைப் பண்படுத்தும் அதப் கல்விக்கு நம் முன்னோரும் நிறுவனத்திற்குள் முழு இடம் தரவில்லை.

இந்தியாவிலும் முயற்சி நடக்காமலில்லை. ராதாகிருஷ்ணன் குழு 1949இல் பொதுக்கல்வியை வற்புறுத்தியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்வி மையம் எனப் பெயர்பெற்ற அமைப்பு, இன்று பண்பாட்டுக் கல்வி மையமாக நாடக, இசை, இலக்கிய மன்றங்களை நடத்துகிறது. நற்பணிதான், ஆயினும் அனைவர்க்கும் உரிய கடமை விருப்பமுள்ளோரின் மாலைப்பொழுதாக மாறிற்று.

நாம் இருவகை வகுப்பறைகளிலும் நின்றவர்கள். கலைக்கல்லூரி ஒன்றில் முதற்பகுதிப் பாடமாக அரபு பயின்ற வணிகவியல் மாணவர்களுக்கு, ஜாஹிலின் உலோபிகள் பற்றிய கதைகளைச் சொல்லத் தொடங்கினோம். "ஸார், இது பரீட்சைக்கு வருமா?" என்றார் ஒருவர். வராது என்றதும் பேனாக்கள் மூடப்பட்டன. செல்வத்தைப் பற்றியே மூன்றாண்டு பயில்வோருக்குச் செல்வம் மனிதனை என்ன செய்கிறது என்பது பாடமாகத் தோன்றவில்லை. மத்ரஸாவில், ஃபராயிள் கணக்கைப் பின்னம் பிசகாமல் போட்டு முடித்த மாணவரிடம், இப்பங்கீட்டை இந்நாட்டு நீதிமன்றம் எச்சட்டத்தின்படி ஏற்கிறது என வினவினோம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. நாளை ஒரு விதவை தம் பங்கைக் கேட்டு வருவது அவரிடம்தான். குறை அம்மாணவர்களுடையதன்று, பாடம் வகுத்த நம்முடையது.

அறிவு பெருகிவிட்டது, அனைத்தையும் அனைவர்க்கும் கற்பிப்பது இயலாது என்பர். உண்மையே. அதனால்தான் பட்டியலிலிருந்து தொடங்கலாகாது என்கிறோம். நம் மாணவர் நாளை பொருளீட்டுவார், பங்கிடுவார், வாக்களிப்பார், பிற சமயத்தாரோடு அண்டை வாழ்வார், நோயாளியின் அருகில் அமர்வார், தாமும் மரணிப்பார். இவை எத்துறையினர்க்கும் பொது. இப்பொறுப்புகளுக்கு எந்த அறிவு இன்றியமையாததோ அதுவே பொதுக்கல்வி. ஹார்வர்டின் விடைகள் நமக்கு உதவாமற் போகலாம். ஆனால் அவர்கள் அக்கேள்வியைத் தலைமுறைக்கு ஒருமுறையேனும் அவையில் வைத்து வாதிட்டனர். நம் கல்லூரிக் குழுக்களும் மத்ரஸா நிர்வாகங்களும் ஒரே அவையில் அமர்ந்து அதைக் கேட்ட நாள் எது?